மைக் கிடையாது

சென்னைப் பட்டணத்தில் பொங்கல் பானையை இறக்கியதும் சங்கீதத்தையும் இறக்கி வைத்துவிடுவது வழக்கம். மார்கழி முழுவதும் விடியற்காலை பஜனையிலிருந்து இரவு மங்களம் வரையில் கேட்டுக் கேட்டு ரஸிகர்களின் காதுகள் களைத்துப் போயிருக்கும். வித்வான்களின் தொண்டைகளும் அப்படித்தான். சபா காண்டீன்களில் ரவா தோசையும் அசோகா அல்வாவும் சாப்பிட்ட வயிறுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இப்படி ஊரே ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும் தை மாதத்தில் ஒருவர் புதிதாகச் சங்கீத விழா நடத்தப் போகிறேன் என்று கிளம்பினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

எங்கள் மேற்கு மாம்பலத்தில் 2024-ஆம் வருஷம் அப்படி ஒருவர் கிளம்பினார். தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பேட்டைச் சங்கத்தின் காரியதரிசி. வீடு வீடாக அவரே போட்டுவிட்டுப் போன நோட்டீஸில், தை, மாசி இரண்டு மாதங்களிலும் எட்டு ஞாயிற்றுக்கிழமைகள், மாலை ஐந்து மணிக்குக் கச்சேரி, அனுமதி இலவசம் என்று கண்டிருந்தது. அதற்குக் கீழே தடித்த எழுத்தில், 'மைக் கிடையாது'. அதற்கும் கீழே கொஞ்சம் சிறிய எழுத்தில், 'மின்விசிறிகள் நிறுத்தப்படும்'.

"பாட்டாவது உண்டா, அதுவும் கிடையாதா என்று நன்றாகப் பாருங்கள்" என்றாள் என் மனைவி.

மைக் இல்லாத கச்சேரி சென்னையில் ஒன்றும் கண்டறியாத புதுமையில்லை. சில வருஷங்களாகவே அங்கங்கே நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அவையெல்லாம் பெரும்பாலும் விஷயம் தெரிந்தவர்கள், விஷயம் தெரிந்தவர்களுக்காக நடத்துகிறவை. இங்கே விஷயம் வேறு. இது எங்கள் பேட்டைக் கூடம். ஐம்பதுகளில் பேட்டைக்காரர்கள் சந்தா போட்டுக் கட்டினது. திங்கள், புதன் தையல் வகுப்பு. செவ்வாய் ஹோமியோபதி டாக்டர். குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து இங்கேதான். தேர்தல் வந்தால் வாக்குச் சாவடி. மீதி நாட்களில் சீமந்தம், சஷ்டியப்தபூர்த்தி, யாராவது செத்துப்போனால் பதின்மூன்றாம் நாள் சாப்பாடு. மச்சில் தேக்கு விட்டங்கள், உயரமான மெட்ராஸ் டெரஸ், கீழே காவிச் சிமெண்டுத் தரை. மூலையில் மடக்கி வைத்த தையல் மிஷின்கள். நெருக்கி உட்கார்ந்தால் நூறு பேர் உட்காரலாம். இரண்டு தெரு தள்ளி ரயில் பாதை. தாம்பரம் வண்டியும் கடற்கரை வண்டியும் மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் மைக் இல்லாமல் சங்கீதமா என்று நான் காரியதரிசியைக் கேட்டேன்.

"ஸார், இந்தக் கூடத்தின் நீளம் நாற்பத்தைந்து அடி. என் அம்மா அடுப்பங்கரையிலிருந்து கூப்பிட்டால் நான் தெருக்கோடியில் கோலி விளையாடிக்கொண்டிருந்தாலும் காதில் விழும். நாற்பத்தைந்து அடிக்கு மைக் எதற்கு?" என்றார் அவர்.

அவர் சொன்னது வாஸ்தவம்தான். கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், நம்முடைய கர்நாடக சங்கீதத்தில் பெரும் பகுதி நாற்பத்தைந்து அடிக்கு உட்பட்டதுதான். மேல் நாட்டார் 'சேம்பர் மியூசிக்' என்று தனியாக ஒரு பெயர் வைத்து, அறைக்குள் சிலர் கூடி வாசிக்கிற சங்கீதத்தைப் பெரிய வாத்திய கோஷ்டியிலிருந்து பிரித்து வைத்திருக்கிறார்கள். நாம் பெயர் வைக்கவில்லையே தவிர, விஷயம் நம்மிடமும் இருக்கிறது. நமக்கு வெளிச் சங்கீதம் ஒன்று உண்டு, நாகஸ்வரமும் தவிலும். நாலு மாட வீதிக்கும் கேட்க வேண்டும் என்றே அந்த வாத்தியங்களைச் செய்திருக்கிறார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்கு மைக் எதற்கு? சுவாமி புறப்பாட்டில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். டிக்கெட் இல்லை, வாசற்படி இல்லை. இன்னொரு சங்கீதம் உள்ளே நடப்பது. வீணையும் தம்பூராவும் மெல்லிய சாரீரமும். முன்னதைத் தெருவிலும் பின்னதை வீட்டுக்குள்ளும் நம் முன்னோர்கள் வைத்திருந்தார்கள். பிறகு சபா வந்தது, டிக்கெட் வந்தது, இரண்டும் ஒரே மேடையில் ஏறிக்கொண்டன.

வீட்டுச் சங்கீதம் என்றால் யாருக்கும் நினைவு வருவது வீணை தனம்மாள்தான். 1867-இல் பிறந்து 1938-இல் காலமானவர். ஜார்ஜ் டவுனில் ராமகிருஷ்ண செட்டித் தெரு வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அவர் வாசிப்பார். கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் பெரிய வித்வான்கள். கடைசிக் காலத்தில் அந்த அம்மாளுக்குக் கண் பார்வை போய்விட்டது. காது மட்டும் நாலு மடங்கு கூர்மை. வந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி என்று அந்த வீட்டுப் பேத்திமார் பிற்காலத்தில் செய்ததெல்லாம் அந்தக் கூடத்தில் காதில் விழுந்த விதைகள்தான்.

இதைப் படித்துவிட்டு, "ஆஹா, அந்தக் காலம்!" என்று பெருமூச்சு விடுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். அந்த வெள்ளிக்கிழமைக் கூடத்துக்குள் நுழைய எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருந்தது? ஜமீன்தார் மாளிகையிலும் வக்கீல் வீட்டு மாடியிலும் நடந்த கச்சேரிகளைத் தெருவில் போனவன் கேட்டானா? 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதோடு ஒரு சங்கீத மகாநாடும் நடந்து, அதன் பலனாக 1928-இல் சங்கீத வித்வத் சபை ஏற்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் தோன்றிய சபாக்களால்தான், காசு கொடுத்தால் யாரும் உட்காரலாம் என்ற நிலைமை வந்தது. முப்பதுகளில் மைக் வந்த பிறகு, கடைசி வரிசைக்காரனும் கொடுத்த காசுக்குக் கேட்க முடிந்தது. மைக்கைத் திட்டுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

மைக் இல்லாதபோது வித்வான்கள் பட்ட பாடும் கொஞ்சமில்லை. கேட்க வேண்டுமே என்பதற்காக ஆண்கள் நாலு கட்டை, ஐந்து கட்டை என்று உச்சத்தில் பாடினார்கள். நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பாவுக்கும் கே. பி. சுந்தராம்பாளுக்கும் அப்படிப்பட்ட சாரீரம் வாய்த்திருந்தது; வாய்க்காதவர்கள் ஊர் திரும்ப வேண்டியதுதான். மைசூர் சௌடையா பிடிலில் நாலு தந்தி போதாதென்று ஏழு தந்தி கட்டிக்கொண்டார். எதற்கு? பெரிய கூட்டத்தில் பின்னால் இருக்கிறவனுக்கும் கேட்க வேண்டும் என்றுதான். மைக் வந்தது, கட்டை இறங்கியது, மெல்லிய குரலுக்கும் மேடை கிடைத்தது.

ஆனால் வந்த விருந்தாளி வீட்டுக்காரனாகிவிட்டான். இன்றைக்குக் கச்சேரிக்குப் போனால் முதல் அரை மணி நேரம் மேடையில் இருக்கிற அத்தனை பேரும் மைக்காரரைப் பார்த்து விரலை மேலே தூக்கிக் காட்டிக்கொண்டிருப்பார்கள். பாடகர் ஒரு விரல். பிடில்காரர் ஒரு விரல். மிருதங்கக்காரருக்கு வாசிக்கும் நடுவில் விரல் ஒழியாது, புருவத்தைத் தூக்குவார். ஆளுக்கு ஒரு படி ஏற்றிக்கொண்டே போய், ராகம் தானம் பல்லவி வரும்போது நாம் வெளியே காண்டீனில் உட்கார்ந்தாலும் நன்றாகக் கேட்கும். அங்கேதான் உட்கார்ந்திருப்போம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஓர் இளைஞர் பாடினார். நல்ல ஞானம், நல்ல பாடாந்தரம். ஆனால் பிறந்ததிலிருந்து மைக்குக்கே பாடிப் பழகியவர். உட்கார்ந்ததும் இடது கை தானாக முன்னால் நீண்டு, இல்லாத மைக்கைச் சரி செய்யப் பார்த்தது. கூடமே சிரித்தது, அவரும் சிரித்தார். வர்ணம் முழுவதும் உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவிலேயே நடந்து முடிந்தது. எனக்குப் பின்னால் இருந்த ஒரு மாமி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வாயைத் திறந்து பாடுப்பா, நாங்களும் கேட்கிறோம்" என்றாள். சபாவில் இப்படிச் சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்தப் பிள்ளை, "சரி மாமி" என்று தலையை ஆட்டிவிட்டு வாயைத் திறந்தார். மேல் ஷட்ஜத்தில் குரல் ஆடியது. ஒரு தடவை உடைந்தும் போயிற்று. ஆனால் கல்யாணி ஆலாபனை பாதியில் அவருக்குத் தம் சாரீரம் எவ்வளவு பெரியது என்று முதல் முறையாகத் தெரிந்ததுபோல் ஒரு சந்தோஷம் முகத்தில் வந்தது. அதை நான் நாலு கஜ தூரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மிருதங்க வித்வான் பாதி பலத்தில்தான் வாசித்தார். தனி ஆவர்த்தனத்தில் தொப்பியின் கும்கி, புறா தொண்டையிலிருந்து எழும்புவதுபோல் எழும்பியது. அந்தச் சப்தத்தை இத்தனை வருஷங்களில் ஒலிபெருக்கியில் கேட்ட ஞாபகம் இல்லை.

மின்விசிறி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். தை மாதமானாலும் சென்னை சென்னைதான். விசிறி நின்றதும் முதல் பத்து நிமிஷம் எல்லாரும் நோட்டீஸை மடக்கி விசிறிக்கொண்டார்கள். இருபது பேர் விசிறினால் அதுவும் ஒரு வாத்தியமாகிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் அவரவர்களே நிறுத்திவிட்டார்கள். தம்பூராவின் ஜீவா காதில் விழ ஆரம்பித்திருந்தது. ரயிலுக்கும் ஒரு வழி ஏற்பட்டது. வண்டி வரும் சப்தம் கேட்டால் பாடகர் ஒரு கார்வையில் நின்றுவிடுவார்; வண்டி போனதும் விட்ட இடத்தில் தொடருவார். நிரவல் நடுவில் ஒரு தடவை கடற்கரை வண்டி சரியாகச் சமத்தில் வந்து சேர்ந்தது; அதற்கும் சபாஷ் கிடைத்தது.

வாசற்படியில் பூ விற்கிற அம்மாள் ஒருத்தி உண்டு. மைக் இருந்தால் அவளுக்கும் தெருவுக்கும் இலவசமாகக் கேட்டிருக்கும். மைக் இல்லாததால் உள்ளே வந்தால்தான் உண்டு. மைக்கை எடுத்துவிட்டால் கதவைப் பெரிதாகத் திறக்க வேண்டியிருக்கிறது என்பது காரியதரிசிக்கு இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது. வெளியே போய், "உள்ளே வந்து உட்காரம்மா, கூடையையும் கொண்டு வா" என்று கூப்பிட்டார். வந்தாள். சுவரோரமாகச் சாய்ந்து பூத் தொடுத்துக்கொண்டே அரை மணி நேரம் கேட்டாள். ஆறு மணிக்கு எழுந்து போய்விட்டாள். அதுதான் அவளுக்கு வியாபார வேளை. மறு வாரம் உள்ளே வரவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அது பாடுறப்ப என்னையே பாக்குது ஸார். நான் வேற எங்க பாக்கறது? கூச்சமாயிருக்கு" என்றாள்.

சிறிய கூடத்துக் கச்சேரியைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பெரிய சபாவில் இருட்டில் உட்கார்ந்து, தூங்கலாம், செல்போனில் செய்தி படிக்கலாம், பக்கத்து நாற்காலிக்காரியின் புடவையை எடை போடலாம். இங்கே பாடுகிறவர் உங்களைப் பார்க்கிறார். நீங்கள் கேட்கிறீர்களா இல்லையா என்று அவருக்குத் தெரியும். தாளம் தப்பாகப் போட்டால் அவருக்குத் தெரியும். செல்போன்களைத்தான் வாசலிலேயே மூங்கில் கூடையில் வாங்கி வைத்துவிடுகிறார்கள். இரண்டு மணி நேரம் மாட்டிக்கொள்கிறோம். (பூக்கார அம்மாளுக்கு மூன்றாவது தூணின் மறைவில் இடம் பார்த்துக் கொடுத்தார்கள். அங்கிருந்து பாடகருக்கு அவள் தெரியமாட்டாள். பிறகு வந்தாள்.)

மூன்றாவது வாரம் புல்லாங்குழல். நாலாவது வாரம் இரண்டு சகோதரிகள் பாட்டு. இரண்டும் நன்றாயிருந்தன. ஐந்தாவது வாரம் காரியதரிசி ஒரு விஷமம் செய்தார். மேல் நாட்டு சங்கீதம் படிக்கிற நாலு இளைஞர்களைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு பிடில், அதைவிடப் பெரியதாக வியோலா, காலுக்கிடையில் நிறுத்தி வாசிக்கிற செல்லோ. நம் பிடில்காரர்கள் சம்மணம் போட்டு, பிடிலின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக்கொள்வதையே பார்த்த பேட்டைக்கு, நாற்காலியில் உட்கார்ந்து மோவாயில் இடுக்கிக்கொண்ட பிடிலைப் பார்க்க வேடிக்கையாயிருந்தது. "சுருதி யார் போடறா?" என்று மாமி கேட்டாள். ஒருவரும் போடவில்லை என்று தெரிந்ததும் கவலைப்பட்டாள்.

ஆஸ்திரியா தேசத்து ஹைடன், இப்படி நாலு பேர் வாசிப்பதற்கென்றே அறுபத்தெட்டு உருப்படிகள் எழுதியிருக்கிறார். அதில் ஒன்றை வாசித்தார்கள். எனக்கு அந்த சங்கீதத்தில் பழக்கம் போதாது. ஆனால் ஒன்று பார்த்தேன். அந்த நாலு பேரில் யாரும் பக்கவாத்தியம் இல்லை. ஒருவர் பேசும்போது மற்ற மூவரும் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். பிறகு பதில் சொன்னார்கள். எங்களைப் பார்க்கவே இல்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆரம்பிக்குமுன் நாலு பேரும் ஒரே சமயத்தில் மூச்சு இழுத்தது மூன்றாவது வரிசையில் எனக்குக் கேட்டது. இந்த மூச்சைத்தான் நம் மேடைகளில் மைக்கும் மானிட்டரும் நடுவில் உட்கார்ந்து தின்றுவிடுகின்றன. நம்முடைய பிடில்காரர் பாடகரைக் கேட்பது எதிரே இருக்கிற பெட்டி வழியாக. பாடகர் மிருதங்கத்தைக் கேட்பது இன்னொரு பெட்டி வழியாக. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே டெலிபோனில் பேசிக்கொள்கிற தம்பதியைப்போல.

இந்தச் சமயத்தில்தான் தகராறு வந்தது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். எண்பத்து மூன்று வயது. ஐம்பது வருஷமாகக் கச்சேரி கேட்கிறவர். ஐந்தாவது வாரம் முடிந்ததும் கைத்தடியைத் தரையில் தட்டி, சங்கக் கமிட்டியார் எல்லாருக்கும் கேட்கும்படியாகவே பேசினார்.

"எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என்னைப்போல் இங்கே இருபது பேர் இருக்கிறோம். மரியாதைக்குத் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். யாருக்காக நடத்துகிறீர் இதை? காது நன்றாயிருக்கிறவன் எந்த சபாவுக்கும் போவான். பேட்டையை விட்டு வெளியே போக முடியாதவர்கள் நாங்கள்தான். எங்களுக்குத்தான் கேட்கவில்லை."

காரியதரிசி ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தார். இயற்கையான ஒலி, சுத்தமான நாதம் என்று ஆரம்பித்தார்.

"என்னங்காணும் இயற்கை? இதோ என் காதில் இருப்பதே மைக்தான். பாட்டரி போட்டது. இதையும் கழற்றிவிட்டு வா என்பீரா?"

காரியதரிசிக்குப் பதில் இல்லை. எனக்கும் இல்லை. காதுக் கருவி பேச்சுக்கென்று செய்தது. சங்கீதத்தை அது சிதைத்துவிடுகிறது என்று பெரியவரே அப்புறம் சொன்னார். கூட்டத்தில் பாதிப் பேர் ஒரு சின்ன மைக்காவது வைத்துவிடலாம் என்றார்கள். வைக்கக் கூடாது என்று சொன்னவர்களில் பெரும்பாலோர் நாற்பது வயதுக்கு உட்பட்டவர்கள். கொள்கை என்பது காது நன்றாயிருக்கிறவர்களுக்குச் சுலபம். அடுத்த வாரம் வீணை; வீணைக்கு மைக் இல்லாவிட்டால் கடைசி வரிசைக்கு ஒன்றுமே போய்ச் சேராது என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது.

வீணை வாசிக்க வந்த அம்மாளுக்கு அறுபது வயதுக்கு மேல். ரேடியோவில் வெகு காலம் வாசித்தவர். சபாக்களில் அவருக்குக் கிடைப்பது மத்தியானம் ஒன்றரை மணி. சாப்பாடு முடிந்து ஜனங்கள் கண் அயருகிற வேளை. பெரும்பாலான வீணைக்காரர்களுக்குக் கிடைப்பது அதுதான். காரியதரிசி போய் விஷயத்தைச் சொன்னபோது அவர் ஒன்றுதான் கேட்டாராம்: "அப்படியானால் என் வீட்டு வீணையைக் கொண்டு வரலாமா?"

அவரிடம் இரண்டு வீணைகள். ஒன்று மேடைக்கு, குடத்தில் பிக்-அப் பொருத்தி, ஒயர் சொருகி வாசிப்பது. இன்னொன்று அவருடைய குருவினுடையது. தஞ்சாவூரில் ஒரே பலா மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை. அதில் ஆணி அடிக்கவும் ஒயர் மாட்டவும் மனம் வராமல், இருபது வருஷமாக வீட்டில் மட்டும் வாசித்து வந்திருக்கிறார். வெளி மனிதர்கள் அதைக் கேட்டதே இல்லை.

அன்றைக்கு உட்காரும் முறையையே மாற்றினார்கள். மேடைப் பலகையைச் சுவரோரத்திலிருந்து நகர்த்திக் கூடத்தின் நடுவில் போட்டார்கள், ஜனங்கள் சுற்றிலும். காது மந்தமானவர்களெல்லாம் பலகையை ஒட்டி முதல் வட்டம். பெரியவரின் நாற்காலி வீணைக் குடத்திலிருந்து ஒரு முழம். அவர் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஊன்றுகோலைப் பலகையின் மேல் ஊன்றி, அதன் பிடியில் மோவாயை வைத்துக்கொண்டார்.

பைரவி அடதாள வர்ணத்தில் ஆரம்பித்தது. முதலில், இவ்வளவுதானா என்று இருந்தது. கொசு ரீங்காரம்போல ஏதோ கேட்கிறது, அப்புறம் ஒன்றுமில்லை. கதவு இடுக்கு வழியாகப் பார்ப்பதுபோல் காதைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். நாலைந்து நிமிஷம். அப்புறம் என்ன நடந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வீணை பெரிதாகவில்லை, கூடம் சின்னதாகிவிட்டது.

வீணையில் ஸ்வரம் மீட்டின கணத்தில் பிறந்து, உடனே தேய ஆரம்பித்துவிடுகிறது. பாட்டுக்காரருக்கு மூச்சு உண்டு, பிடில்காரருக்கு வில் உண்டு. வீணைக்காரருக்கு அந்தத் தேய்கிற நாதம் ஒன்றுதான் சொத்து. அதற்குள்ளேதான் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மெட்டில் இரண்டு மூன்று ஸ்வரங்களைத் தொட்டுக் கமகத்தைச் செய்து முடிக்க வேண்டும். பைரவியின் நிஷாதம் அப்படித்தான் அன்றைக்கு ஆடி, ஆடி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத இடத்துக்குப் போயிற்று. அந்த இடத்தில் கேட்கிறவன் காதால் கையை நீட்டி அதைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பிக்-அப் வைத்த வீணையில் இந்த வேலை நமக்கு இல்லை. அது நாதத்தை நீட்டி, சமமாக்கி, கிடார் மாதிரி மடியில் கொண்டுவந்து போட்டுவிடும். தந்தியின் மேல் விரல் வழுக்கும் சீறலையும் சேர்த்துப் போடும்.

தானம் வாசித்தபோது நாலாம் விரலால் தட்டுகிற தாளத் தந்திகள் மூன்றும், தூரத்தில் மாட்டு வண்டி போவதுபோல் கிணுகிணுத்துக்கொண்டே வந்தன. பிறகு ஒரு க்ஷேத்ரக்ஞ பதம். அதன் நடுவில் அந்த அம்மாள் சட்டென்று நிறுத்திவிட்டார். விசிறி இல்லாத கூடம், எண்பது பேர் மூச்சு, வெயிலில் காரில் வந்த வீணை. மெழுகு இளகி ஒரு மெட்டு நகர்ந்துவிட்டது. வீணையின் இருபத்து நாலு மெட்டுகளும் தேன்மெழுகும் கரிப்பொடியும் கலந்த படுகையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அவர் பதறவில்லை. கட்டை விரலால் மெட்டை அழுத்தி, சாரணியை மீட்டி, ஒரு மயிரிழை நகர்த்தி, மறுபடி மீட்டினார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. யாரும் எழுந்திருக்கவில்லை. முன்னால் இருந்த ஒரு சிறுமி, "பாட்டி, உடைஞ்சுபோச்சா?" என்று கேட்டது. "இல்லேம்மா, அதுக்கு வேர்த்துடுத்து" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், மூச்சு விட்டார்கள். பதத்தை மறுபடி பல்லவியிலிருந்து எடுத்தார்.

முடிந்ததும் கை தட்டத் தோன்றாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். கடற்கரை வண்டி ஒன்று போயிற்று. அப்புறம்தான் தட்டினோம்.

"என்ன ஸார், கேட்டதா?" என்று பெரியவரின் காதருகில் போய்க் கத்தினார் காரியதரிசி. கவலையில் அவர் முகம் வெளுத்திருந்தது.

"பாதி கேட்டது" என்றார் பெரியவர். "தடி வழியாகக் கொஞ்சம், காது வழியாகக் கொஞ்சம். மீதி எனக்கு ஏற்கெனவே தெரியும்."

இதைச் சொல்லிவிட்டு, வாய்ப்பாட்டுக்கு மட்டும் மைக் வைத்தே தீர வேண்டும் என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஐம்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு வீணைக் கச்சேரியில் மசிந்துவிடுவாரா? ஏழாவது, எட்டாவது வாரங்களிலும் பலகை நடுவிலேயே இருந்தது, மைக் வரவில்லை, அவர் ஆட்சேபணையும் நிற்கவில்லை. அவர் கேட்பது நியாயம் என்றே இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அன்று அந்த வீணைக்கு ஒரு ஒயர் சொருகியிருந்தால், அந்த அம்மாள் அதை வீட்டை விட்டு எடுத்து வந்திருக்கமாட்டார் என்பதையும் என்னால் மறக்க முடியவில்லை.

எட்டாவது ஞாயிறு கச்சேரி முடிந்ததும் காரியதரிசி எழுந்து நின்று கணக்கு வாசித்தார். வாசலில் வைத்த எவர்சில்வர் குடத்தில் விழுந்ததை அந்தந்த வாரக் கலைஞர்களே பங்கிட்டுக்கொண்டார்கள். தொகையைச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த அவர் விரும்பவில்லை. சங்கத்தின் செலவு: காப்பிப் பொடி, பால், தம்பூராவுக்கு ஒரு தந்தி, நோட்டீஸ் அச்சு. "மின்சாரக் கட்டணம் மிச்சம்" என்று முடித்தார். வீணை அம்மாளுக்கு அதன் பிறகு இரண்டு வீட்டிலிருந்து அழைப்பு வந்ததாகக் கேள்வி. இரண்டும் வெறும் கூடம், ஐம்பது பேர், ஒயர் இல்லை. வீட்டு வீணையோடு போய்விட்டு வந்திருக்கிறார்.

ஏப்ரல் 19-ஆம் தேதி பார்லிமெண்டுத் தேர்தலுக்கு வோட்டுப் போட அந்தக் கூடத்துக்குப் போனேன். எல்லா விசிறிகளும் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தன. பலகை இருந்த இடத்தில் அட்டை மறைப்பு வைத்து உள்ளே இயந்திரம். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற கணக்கு வாத்தியார் உள்ளே போய், பொத்தானை அழுத்தி, இயந்திரம் நீளமாக 'பீப்' என்று கத்தியதும் வெளியே வந்தார். விரலில் மை. காரியதரிசி வாசலில் நின்றுகொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"காணும்! அது கேட்டது. நன்றாகக் கேட்டது!" என்றார் பெரியவர் அவரிடம்.